மாம்பலம் ஆகாய நடைபாதைக்கு டிராவலேட்டர் கேட்கலாமா?

சேகர்_மாம்பலம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு தயாராகிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையில் நகரும் நடைபாதை, அதாவது விமான நிலையங்களில் இருக்கிற டிராவலேட்டர், போட்டுத் தர வேண்டும் என்பது கோரிக்கை. மனுவை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: அந்தப் பாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர். மேலே ஏற லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு. ஏறிய பிறகு முழு நீளமும் நடந்துதான் ஆகவேண்டும். ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் போக முடிகிறது என்பது பெரிய நிம்மதி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வயதானவர்கள் பாதி வழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதைத் தினமும் பார்க்கிறேன். சங்கத்தில் இந்தப் பேச்சு கிளம்பியதே அதனால்தான்.

மனு எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டேன். சாதாரணமாக ஒருவர் நொடிக்கு 1.3 மீட்டர் நடப்பார். 570 மீட்டருக்கு ஏழே கால் நிமிடம். டிராவலேட்டர் நொடிக்கு 0.65 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், அதில் சும்மா நின்றுகொண்டு போகிறவருக்குப் பதினான்கரை நிமிடம் ஆகும். மெதுவாக, நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற பெரியவர்கூடப் பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடுவார்.

ஆக, சீக்கிரம் போவதற்காக இதைக் கேட்பதில் பொருள் இல்லை. கால் வலிக்காமல் போவதற்காகக் கேட்கலாம். அப்படியானால் மனுவை அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் எழுதவேண்டும். இதைப் பயன்படுத்தியவர்கள், பராமரிப்பவர்கள், படித்தவர்கள் யாராக இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ரஃபீக்_துபாய்

கண்டிப்பாகக் கேளுங்கள் சேகர் அண்ணே. இங்கே மெட்ரோ நிலையங்களிலிருந்து சாலையைக் கடக்கும் பாலங்களில் எல்லாம் இது இருக்கிறது. துபாய் மால் பக்கம் மெட்ரோவிலிருந்து போகும் பாலம் 820 மீட்டர். முழுவதும் மூடிய கூரை, ஏசி, வரிசையாக நகரும் பாதைகள். பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அந்தப் பாலத்தில் ஏறி நிற்கிற நேரம்தான் அன்றைக்குக் கிடைக்கிற முதல் ஓய்வு. ஜூலை மாதம் இங்கே வந்து பார்த்தால் தெரியும்.

கணக்கில் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சும்மா நிற்பதும் ஒரு வசதிதான்.

பாலா_லிஃப்ட்டெக்

நான் லிஃப்ட், எஸ்கலேட்டர் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். சேகர் சார் போட்ட கணக்கு சரி. ஒன்றை மட்டும் கூடுதலாகப் பாருங்கள்: அகலம்.

ஒரு மீட்டர் அகலப் பேலட் (நாம் ஏறி நிற்கிற நகரும் தகடு) உள்ள மிஷின் என்றால், இரண்டு பக்கக் கண்ணாடி, ஹேண்ட்ரெயில், கீழே ஸ்கர்ட் என்கிற பக்கத் தகடு எல்லாம் சேர்த்து வெளி அகலம் ஏறக்குறைய 1.6 மீட்டர் வரும். போக ஒன்று, வர ஒன்று என்றால் 3.2 மீட்டர் போய்விடும். 4.2 மீட்டர் பாலத்தில் நடக்கிறவர்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு மீட்டர். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு மீட்டர் பாதையை நினைத்துப் பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது பிட், அதாவது மிஷின் முனை உட்காருகிற பள்ளம். மிஷினின் இரண்டு முனையிலும் மோட்டார், செயின் திரும்பும் சக்கரம் எல்லாம் தரைக்குக் கீழே உட்காரவேண்டும். வழக்கமான மாடலுக்குச் சுமார் ஒரு மீட்டர் ஆழம் தேவை. கட்டி முடித்த இரும்புப் பாலத்தில் அதற்கு இடம் இருக்காது. ஆழம் குறைந்த மாடல்கள் உண்டு, அதற்கும் தரையை உயர்த்திச் சாய்தளம் போடவேண்டும். மிஷினின் எடையையும் அதில் நிற்கிற கூட்டத்தின் எடையையும் பாலம் தாங்குமா என்பதை அதை வடிவமைத்த பொறியாளர்தான் சொல்லமுடியும்.

டெல்லியில் தௌலா குவான் மெட்ரோ நிலையத்தையும் சவுத் கேம்பஸ் நிலையத்தையும் இணைக்கிற பாலம் 1.2 கிலோமீட்டர். அதில் 22 டிராவலேட்டர்கள் ஓடுகின்றன. அங்கே முடிந்தது, ஏனென்றால் வரைபடம் போடும்போதே மிஷினுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

ரஃபீக்_துபாய்

பாலா தம்பி சொல்வது புரிகிறது. ஆனால் "இடமில்லை" என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நிற்காதே. ஒரே ஒரு மிஷின் போட்டு, காலையில் ஒரு பக்கம், மாலையில் இன்னொரு பக்கம் என்று ஓட்டலாம் இல்லையா?

நந்தினி_போக்குவரத்து

ஒரே வழியில் நேரம் பார்த்துத் திசை மாற்றுவதை ஹாங்காங்கில் செய்கிறார்கள். சென்ட்ரல் – மிட்லெவல்ஸ் எஸ்கலேட்டர் தொடர் 1993-இல் திறக்கப்பட்டது. மலைச்சரிவில் 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம். 18 எஸ்கலேட்டர்கள், 3 சாய்வான நகரும் பாதைகள். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும், ஏனென்றால் மக்கள் மலையிலிருந்து இறங்கி அலுவலகம் போகிற நேரம் அது. 10 மணிக்குப் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி. எதிர்த்திசையில் போகிறவர்கள் பக்கத்துப் படிகளில் நடப்பார்கள்.

ஆனால் அது மலை. ஏற்றத்தைத் தூக்கிவிடுவதற்குத்தான் அங்கே மிஷின். சமதரையில் இதன் கதை வேறு. நான் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிறேன், இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனையின் தொடக்கமே வேகம்தான். நியூ ஜெர்சியில் ஆல்பிரட் ஸ்பியர் என்ற ஒயின் வியாபாரி இருந்தார். நியூயார்க்கின் பிராட்வே நெரிசலைப் பார்த்துவிட்டு, தெருவுக்கு மேலே நிற்காமல் சுற்றி ஓடும் நடைபாதை ஒன்றுக்கு 1871-இல் காப்புரிமை வாங்கினார். சட்டமன்றம் ஒப்புக்கொண்டும் ஆளுநர் மறுத்ததால் அது எழவில்லை. முதன்முதலில் மக்கள் ஏறிப் போனது 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில், ஏரிக்கரைத் துறைமேடையில். கட்டணம் 5 சென்ட். நிற்பதற்கு ஒரு பாதை, பெஞ்சுகளில் உட்கார்ந்து போக அதைவிட வேகமான இன்னொரு பாதை. அடிக்கடி பழுதாகி நின்றது.

எனக்குப் பிடித்தது 1900 பாரிஸ் கண்காட்சியில் போட்டது. தரையிலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில், சுமார் மூன்றரை கிலோமீட்டர் சுற்று. அடுத்தடுத்து மூன்று தளங்கள்: முதலாவது நகராது, இரண்டாவது மணிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர், மூன்றாவது அதைப்போல் இரண்டு மடங்கு. நின்ற தளத்திலிருந்து மெதுவான தளத்துக்கு ஒரு எட்டு, அங்கிருந்து வேகமான தளத்துக்கு இன்னொரு எட்டு. தடுமாறினால் பிடித்துக்கொள்ள இடையிடையே குமிழ் வைத்த கம்பங்கள். எடிசன் கம்பெனி எடுத்த படச்சுருள் இருக்கிறது. நீண்ட பாவாடை கட்டிய பெண்கள் எவ்வளவு லாவகமாகத் தளம் மாறுகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிட்டார்கள்.

அதன்பின் நூறு வருடம் கழித்து அதே பாரிஸ் மறுபடி முயன்றது. 2002-இல் மோன்பர்னாஸ் மெட்ரோ நிலையத்தில் 185 மீட்டர் நீளத்துக்கு அதிவேக நகரும் பாதை. மணிக்கு 12 கிலோமீட்டர். ஏறும் இடத்தில் உருளைகள் மேல் நின்றால் அவை மெல்ல வேகம் கூட்டிப் பாதைமேல் கொண்டுபோய் விடும். அந்த உருளைகள்மேல் காலை எடுத்து வைக்கக்கூடாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். பலர் விழுந்தார்கள். 9 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அதன்பிறகும் விபத்தும் பழுதும் தீரவில்லை. 2009-இல் கைவிட முடிவுசெய்து 2011-இல் சாதாரண வேகப் பாதையை வைத்தார்கள்.

நடந்தபடியே போனால் மிச்சமாகுமே என்றால், அதிலும் எதிர்பார்த்த அளவு கிடைப்பதில்லை. பாதையில் ஏறியதும் மனிதர்கள் தங்கள் கால்வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். பிரின்ஸ்டனில் இருந்தபோது மனோஜ் ஸ்ரீனிவாசன் 2009-இல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது: கண் உணரும் வேகமும் கால் உணரும் வேகமும் ஒத்துப்போகாததால் உடல் நடையைத் தளர்த்துகிறது என்பது அதில் வரும் ஒரு விளக்கம். சேகர் சாரின் கணக்குப்படி மிஷின்மேல் நடந்து போனால் ஐந்து நிமிடத்துக்குள் முடியவேண்டும். உண்மையில் அதைவிடக் கூடும்.

வேகத்துக்காகக் கட்டியவை எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. மெதுவாகச் சுமந்துபோகக் கட்டியவைதான் நிலைத்தன. சேகர் சார் மனுவில் எழுத நினைக்கும் காரணம் சரியான காரணம் என்றே நினைக்கிறேன்.

தீபன்_ரொறன்ரோ

நந்தினி சொன்ன வேகப்பாதை விஷயத்தில் ஒரு விதிவிலக்கு எங்கட பக்கம் இருந்தது. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் முதலாம் முனையத்தில் 2007-இல் ஒன்று வைத்தவை. பாரிஸ் மாதிரி உருளைகள் இல்லை. ஏறும் இடத்தில் மணிக்கு 2 கிலோமீட்டர் அளவில் மெல்ல நகரும், நடுவில் 7 கிலோமீட்டர், இறங்கும் இடத்தில் திரும்பவும் மெல்ல. தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். இரண்டு கை விரல்களையும் கோத்துவிட்டு மெல்லப் பிரிக்கிற மாதிரி, வேகம் கூடக்கூட அவை விலகி நீளும். கைப்பிடியும் அதே மாதிரி நீண்டு சுருங்கும்.

அம்மாவை இலங்கையிலிருந்து கூப்பிட்ட நேரம் அதில்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். ஏறும்போது அவ்வளவு மெதுவாக இருந்தபடியால் பயப்படவே இல்லை. வேகம் பிழையான யோசனை என்று முடிவு கட்டவேண்டாம், ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான் பிரச்சினை. ஆனால் அந்த மாதிரி யந்திரத்தில் ஒன்றோடொன்று கோத்த பாகங்கள் கனக்க. ஒரு நகராட்சி அதைத் திருத்திக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்தான்.

கலா_சிங்கை

இங்கே சிங்கப்பூரில் டோபி காட் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் ரயில் மாறுகிறவர்கள் எல்லோருக்கும் டிராவலேட்டர் பழக்கம். இடப்பக்கம் நிற்பது, வலப்பக்கம் நடப்பவர்களுக்கு விடுவது என்பதை இங்கே யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. ஜப்பானில் சைதாமா மாகாணம் 2021-இல் எஸ்கலேட்டரில் எல்லோரும் நின்றுதான் போகவேண்டும் என்று விதி கொண்டுவந்தது, 2023-இல் நகோயா நகரமும் செய்தது. காரணம் எளிது. ஒரு கை இயங்காதவர்கள், இயங்குகிற கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நிற்கமுடியும். அவர்களைப் பின்னாலிருந்து "வழி விடுங்க" என்று நெருக்கினால் என்ன செய்வார்கள்? வயதானவர்களுக்காக என்று கேட்கிற வசதியில் அவசரக்காரர்களுக்கு ஒரு பாதி ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கோமதி_டீச்சர்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டு முழங்காலும் தேய்மானம். இத்தனை பேர் எங்களைப் போன்றவர்களுக்காக யோசிப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

எனக்குள்ள சிரமத்தைச் சொல்கிறேன். சமதரையில் மெதுவாக நடப்பது முடியும். ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் உட்காரவேண்டும், அவ்வளவுதான். மருத்துவரும் நடக்கத்தான் சொல்கிறார். ஒரே இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பது நடப்பதைவிட வலி. சென்னை விமான நிலையத்தில் மெட்ரோவிலிருந்து முனையத்துக்குப் போகும் வழியில் நகரும் பாதையைப் பார்த்தேன். ஏறத் துணிவு வரவில்லை. புடவைக் கரை சிக்கிக்கொள்ளுமோ, முதல் காலை வைக்கும்போது தடுமாறுமோ என்ற எண்ணம். பக்கத்திலேயே நடந்து போனேன்.

பாலா தம்பி, இதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஏதாவது முறை இருக்கிறதா? தெரிந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

பாலா_லிஃப்ட்டெக்

அம்மா, நல்ல கேள்வி கேட்டீர்கள். ஒவ்வொரு சர்வீஸ்காரனும் இதைச் சொல்லித்தர வேண்டும், யாரும் செய்வதில்லை.

முதலில் கையை வையுங்கள், அப்புறம் காலை வையுங்கள். பலர் தரையைப் பார்த்துக் காலை முன்னால் வைக்கிறார்கள், கால் போகும், உடம்பு பின்னால் நிற்கும். ஹேண்ட்ரெயிலைப் பிடித்தால் அது கையை முன்னால் இழுக்கும், உடம்பு அந்த வேகத்துக்குத் தயாராகிவிடும். பிறகு சாதாரணமாக ஒரு எட்டு. தயங்கித் தயங்கிச் சின்ன எட்டு வைத்தால்தான் தடுமாறும். ஹேண்ட்ரெயில் பேலட்டின் வேகத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் அதிகமாகவோ, அதிகபட்சம் 2 சதவீதம், ஓடலாம் என்பது ஐரோப்பிய விதியான ஈஎன் 115-இல் இருக்கிறது. பின்தங்கவே கூடாது. பின்தங்கினால் கை பின்னுக்கு இழுபட்டு ஆள் மல்லாக்கச் சாய்வார். எங்கேயாவது ஹேண்ட்ரெயில் மெதுவாக ஓடினால், அது தேய்ந்த மிஷின், புகார் கொடுங்கள்.

இறங்கும்போது முனையில் மஞ்சள் நிறப் பற்கள் தெரியும். அதுதான் காம்ப். பேலட்டில் நீளநீளமாகப் பள்ளங்கள் இருக்கும் இல்லையா, அந்தப் பள்ளங்களுக்குள் இந்தப் பற்கள் நுழைந்து, மேலே கிடப்பதைத் தரைமேல் தள்ளிவிடும். பல் முழுதாக இருக்கிறவரை துணியோ செருப்போ உள்ளே போகாது. ஒரு பல் உடைந்தால் அந்த இடைவெளியில் போகும். நாங்கள் ஒவ்வொரு முறை போகும்போதும் முதலில் பார்ப்பது காம்ப் பல்லைத்தான். 2023 ஜூனில் பாங்காக் டான் முயாங் விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் கால் நகரும் பாதையில் மாட்டி, காலையே எடுக்க வேண்டிவந்தது. 1960-இல் டல்லஸ் லவ் ஃபீல்டில் ஒரு இரண்டு வயதுக் குழந்தையின் துணி மாட்டி உயிரே போனது. விமான நிலையத்தில் வைத்த முதல் நகரும் பாதை அதுதான், 1958-இல் திறந்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பராமரிப்பு என்பதைப் பணம் மிச்சம் பிடிக்கிற இடமாக யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

புடவை என்றால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், இறங்கும் இடத்தில் கட்டாயம். வேட்டிக்கும் அதேதான். மெத்தென்ற ரப்பர் செருப்பு, குழந்தைகள் போடுகிற பிளாஸ்டிக் ஷூ இவை ஓரத்தில் உரசினால் ஸ்கர்ட் இடுக்கில் இழுக்கும். குழந்தையை ஓரத்தில் நிற்கவிடாமல் நடுவில் நிறுத்துங்கள். இறங்கியதும் நிற்காமல் நாலு எட்டு நகர்ந்துவிடுங்கள். பின்னால் வருகிறவர் நிற்க நினைத்தாலும் மிஷின் நிற்காது.

சிவப்பு ஸ்டாப் பட்டன் இரண்டு முனையிலும் இருக்கும், நீளமான மிஷினில் நடுவிலும் இருக்கும். அமுக்கத் தயங்காதீர்கள். நொடிக்கு 0.65 மீட்டர் ஓடுகிற மிஷின் 30 சென்டிமீட்டரிலிருந்து 1.3 மீட்டர் தூரத்துக்குள் நிற்கும்படி பிரேக் வைத்திருப்போம். அதற்குமுன் சட்டென்று நின்றால் மேலே நிற்கிற அத்தனை பேரும் விழுவார்கள், அதனால்தான் குறைந்தபட்ச தூரமும் விதியில் இருக்கிறது.

வேலு_நெல்லை

சேகர் சார் கேட்டதிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். கோயில் வரிசைகளில் இதை வைத்தால் என்ன? திருப்பதியில் மணிக்கணக்காக நின்று, கடைசியில் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். வயதானவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அங்கே நசுங்குகிறார்கள். யாரும் யாரையும் தள்ளாமல், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்குமே.

நந்தினி_போக்குவரத்து

விலகல் இல்லை, இந்த மிஷின் ரொம்பப் பொருத்தமாக உட்கார்ந்த இடங்களில் இது ஒன்று. மெக்சிகோ நகரத்தில் குவாதலூப்பே மாதா பேராலயத்தில், மாதா உருவம் பதிந்த துணியைச் சுவரில் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நகரும் பாதைகள். பக்தர்கள் ஏறி நின்று, அண்ணாந்து பார்த்தபடி கடந்து போகிறார்கள். இன்னும் பார்க்கவேண்டுமென்றால் சுற்றி வந்து மறுபடி ஏறலாம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் மைக்கேலாஞ்சலோவின் பியேட்டா சிலையை வாடிகனிலிருந்து கொண்டுவந்து வைத்தபோதும் இதே ஏற்பாடுதான். லண்டன் டவரில் அரச கிரீடங்களின் முன்பும் இருக்கிறது.

இங்கெல்லாம் பாதையின் நீளம் சில மீட்டர்தான். வேகத்தைக் குறைத்து வைக்கலாம். ஆளைத் தள்ளும் வேலை மட்டும்தான் அங்கே மிஷினுக்கு.

கோமதி_டீச்சர்

வேலு தம்பியின் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனாலும் சன்னதியில் காலடி தானாக நகர்வதை என் மனம் ஏற்கவில்லை. கைகூப்பி நிற்கிறவர்களிடம் கைப்பிடியைப் பிடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்களும் உண்டே.

வேலு_நெல்லை

டீச்சர் சொன்னது நான் யோசிக்காத கோணம். கைகூப்பாமல் யாரும் நிற்கமாட்டார்கள்தான். சன்னதிக்குள் வேண்டாம், வெளியே நீண்ட காத்திருப்பு வரிசையிலாவது உட்கார்ந்தபடி நகர ஏதாவது வழி இருக்கவேண்டும்.

அருண்_கோவை

எனக்குப் பார்வை மிகக் குறைவு, வெள்ளைக்கோல் பயன்படுத்துகிறேன். மனு எழுதுகிறவர் கேட்டிருப்பதால் சொல்கிறேன்.

எஸ்கலேட்டரில் எனக்கு அவ்வளவு சிரமம் இல்லை. முடிவு நெருங்கும்போது படிகள் தட்டையாகும், அது காலுக்குத் தெரியும், தயாராகிவிடுவேன். டிராவலேட்டரில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே தட்டை. எந்த அறிகுறியும் இல்லாமல் காம்ப் வந்து காலில் இடிக்கும். கைப்பிடியும் உதவாது, அது காம்பைத் தாண்டியும் கொஞ்ச தூரம் நேராகத்தான் போகும். "பாதை முடிகிறது" என்ற குரல் அறிவிப்பு இருந்தால் மட்டுமே தெரியும். கூட்டச் சத்தத்தில் அதுவும் பாதி நேரம் கேட்காது.

அதனால் நான் எப்போதும் பக்கத்தில் நடந்தே போகிறேன். பாலா சார் சொன்னபடி நடக்க மிஞ்சுவது ஒரு மீட்டர் என்றால், எதிரே பெட்டியுடன் வருகிறவரும் நானும் அந்த ஒரு மீட்டரில் எப்படிக் கடப்போம்? சக்கர நாற்காலியில் வருகிறவரும் மிஷினில் ஏறக்கூடாது, அவருக்கும் அந்த ஒரு மீட்டர்தான். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக என்று தொடங்கி, வேறு சிரமம் உள்ளவர்களின் இடத்தை எடுத்துக்கொள்வதாக அது முடிந்துவிடக்கூடாது.

ரஃபீக்_துபாய்

அருண் தம்பி, இது என் தலையில் உறைத்தது. இங்கே பாலங்கள் அகலம், அதனால் இப்படி ஒரு சங்கடம் வரும் என்றே தோன்றவில்லை. ஒரு மிஷின் மட்டும் போட்டால் இரண்டரை மீட்டர் மிஞ்சும் என்பதை மட்டும் மறுபடி சொல்லி வைக்கிறேன்.

பாலா_லிஃப்ட்டெக்

ரஃபீக் அண்ணே, ஒரு மிஷின் போட்டால் இடம் மிஞ்சும், சரி. திசை மாற்றுவது பட்டனைத் திருப்புவது மட்டுமல்ல. பாதையை முழுவதும் காலி செய்து, யாரும் இல்லை என்று ஆள் பார்த்து உறுதிசெய்து, பிறகுதான் எதிர்த்திசையில் ஓட்டவேண்டும். 570 மீட்டரை ஒரே மிஷினாகப் போடமாட்டார்கள், ஐந்தாறு துண்டாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஏறுதல், இறங்குதல். டீச்சர் அம்மா பயப்படுகிற அந்த ஒரு எட்டு ஒரு பயணத்தில் பத்துத் தடவைக்கு மேல் வரும். மாம்பலத்தில் அலுவலக நேரக் கூட்டம் ஒரே திசையில் மட்டும் ஓடுவதும் இல்லை. ரயிலிலிருந்து கடைக்குப் போகிறவர்களும் கடையிலிருந்து ரயிலுக்குத் திரும்புகிறவர்களும் ஒரே நேரத்தில் வருவார்கள்.

நான் இந்த வேலையில் சோறு சாப்பிடுகிறவன், மிஷின் கூடினால் எனக்கு லாபம்தான். இருந்தும் சொல்கிறேன், முதலில் இருக்கிற லிஃப்டும் எஸ்கலேட்டரும் ஒரு நாளும் நிற்காமல் ஓடும்படி ஏஎம்சி எனப்படும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை இறுக்கச் சொல்லுங்கள். 570 மீட்டர் நடந்துவிட்டு வந்து லிஃப்ட் ஓடவில்லை என்றால் பெரியவர்கள் திரும்பி 570 மீட்டர் நடக்கவேண்டும்.

கலா_சிங்கை

பாலா சொன்ன கடைசி வரியை மனுவில் அப்படியே எழுதலாம். கூடவே, லிஃப்ட் ஓடவில்லை என்றால் அதை மறுமுனையில் ஏறும் இடத்திலேயே பலகையில் காட்டவேண்டும் என்றும் சேருங்கள். ஏறுவதற்குமுன் தெரிந்தால் கீழ்வழியாகப் போவதா என்று முடிவுசெய்யலாம்.

சேகர்_மாம்பலம்

எல்லோருக்கும் நன்றி. சங்கத்தில் இன்று பேசினேன். மனு இப்படி வரப்போகிறது.

இருக்கும் பாலத்தில் டிராவலேட்டர் கேட்கவில்லை. 50 மீட்டருக்கு ஒரு இடத்தில், சாய்மானமும் கைப்பிடியும் வைத்த இருக்கைகள், நடைவழியை மறிக்காமல் ஓரமாக. கோமதி டீச்சர் சொன்ன இடைவெளி அது. லிஃப்ட் நிலவரப் பலகை இரண்டு முனையிலும். பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள் என்பது எழுத்தில். பார்வையற்றவர்களுக்கான மேடுபள்ளத் தரை எங்கெங்கே தேய்ந்திருக்கிறது, எங்கெங்கே கடைச் சாமான்கள் அடைத்திருக்கின்றன என்பதைப் படத்துடன் இணைக்கிறோம். ஓய்ந்த நேரங்களில் மட்டும் முதியவர்களுக்குச் சின்ன பேட்டரி வண்டி, ரயில் நிலைய நடைமேடைகளில் ஓடுவதுபோல, ஓட்டமுடியுமா என்று ஆராயச் சொல்லியிருக்கிறோம். கூட்ட நேரத்தில் அது ஆபத்து என்பதையும் எழுதியிருக்கிறோம்.

டிராவலேட்டர் ஒரு தனிப் பத்தியாக வருகிறது: இனி நகரில் 300 மீட்டருக்குமேல் கட்டப்போகும் எந்த நடைமேம்பாலத்திலும், வரைபட நிலையிலேயே அதற்கு அகலமும் பிட்டும் ஒதுக்கவேண்டும், மிஷின் போக நடப்பவர்களுக்குக் குறைந்தது மூன்று மீட்டர் மிஞ்சவேண்டும், ஏறும் இறங்கும் இடங்களில் குரல் அறிவிப்பு வேண்டும். ஓடும் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர் போதும் என்று கேட்கிறோம்.

அருண், உங்கள் பதிவை இணைப்பாகச் சேர்க்க அனுமதி தருவீர்களா? பெயர் இல்லாமல்.

அருண்_கோவை

தாராளமாக. காம்ப் பற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்து எழுதி அனுப்புகிறேன், படிக்கிற பொறியாளருக்குத் தெளிவாக இருக்கும்.

ரஃபீக்_துபாய்

300 மீட்டர் என்பதை 200 ஆக்கிக் கேளுங்கள் அண்ணே. எப்படியும் பேரம் பேசிக் கூட்டத்தான் போகிறார்கள்.

தீபன்_ரொறன்ரோ

0.5 மீட்டர் நல்ல முடிவு. அந்த வேகத்தில் அம்மாவும் தனியாக ஏறுவா.

சேகர்_மாம்பலம்

ரஃபீக், 200 என்று மாற்றிவிட்டேன். வரும் சனிக்கிழமை மாலை பாலத்தின் மாம்பலம் முனையில் கையெழுத்து வாங்குகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள். டீச்சர், நீங்கள் மேலே ஏறவேண்டாம், படிவத்தைக் கீழே கொண்டுவந்து தருகிறேன்.